வீட்டிற்கு ஏற்ற டார்ச் விளக்கு



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதும்பொழுது கல்வியின் சிறப்பையும் ஒழுக்கத்தின் உயர்வையும் பற்றி எழுதுவது ஆசிரியர் வழக்கம். இவ்வாண்டு நான் எழுதப்போவது ஒரு சிறு பொருளைப் பற்றியாகும். அது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். ஆயினும் தேவைப்படும் நேரத்தில் பல வீடுகளில் எரியாது. 'டார்ச் விளக்கு' என்று நாம் வழங்கும் கைவிளக்கே அது.

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்கால இரவு ஒன்றில், நம் பகுதியில் மின்சாரம் தடைப்பட்டது. வயது முதிர்ந்த என் தாயார், "தம்பி, விளக்கைக் கொண்டு வாப்பா" என்று அறையிலிருந்து அழைத்தார். நல்ல விலை கொடுத்து வாங்கிய டார்ச் விளக்கு மேசை இழுப்பறையில் இருந்தது. பொத்தானை அழுத்தினேன், எரியவில்லை. மூடியைத் திறந்தபொழுது உள்ளே இருந்த மின்கலங்கள் கசிந்து, சுருள்வில்லின்மீது வெண்பொடி படிந்து கிடந்ததைக் கண்டேன். மாதக் கணக்கில் அதனைத் தொடாமல் விட்டிருந்தேன். நான் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்த அந்த ஓரிரு நிமிடத்திற்குள் தாயார் இருட்டிலேயே எழுந்து நடந்து, நிலைப்படி தடுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அதன்பின் அந்தக் கை பழைய நிலைக்கு வரவே இல்லை.

செய்தி கேட்டு நலம் விசாரிக்க வந்த பெற்றோர் ஒருவர், தம் வீட்டிற்கென்று பந்திங் இரவுச் சந்தையில் புதிய டார்ச் விளக்கு ஒன்றை வாங்கினார். அதன் பெட்டியில் 1,00,000 லூமென் என்று அச்சிடப்பட்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து அதனைப் பள்ளிக்கு எடுத்து வந்து, "ஐயா, இவ்வளவு பெரிய எண் போட்டிருக்கிறதே, கால் மணி நேரத்தில் மங்கிவிடுகிறதே, ஏன்?" என்று கேட்டார். விலையுயர்ந்த விளக்கு என்னைக் கைவிட்டது. பெரிய எண் போட்ட விளக்கு அவரைக் கைவிட்டது. அவர் கேட்ட கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கைவிளக்கின் கதை

முன்பு இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் விடியுமுன்னரே பால் வெட்டச் சென்றனர். அவர்களுள் பலர் நெற்றியில் கார்பைடு விளக்கைக் கட்டிக்கொண்டனர். கால்சியம் கார்பைடு என்னும் கல்லின்மீது நீர் சொட்டும்பொழுது அசிட்டிலீன் என்னும் வாயு உண்டாகும். அவ்வாயு எரிந்து வெண்ணிற ஒளி தரும். லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே துணை. பின்னர், பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டும் இயங்கும் ஜெனரேட்டர் வந்தது. அது நின்றபின் மறுபடியும் இருள்தான்.

உலர் மின்கலத்திற்கு ஜெர்மனி நாட்டின் கார்ல் காஸ்னர் 1886ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அத்தகைய கலங்களைக் குழாய்க்குள் அடுக்கி, முன்னால் மின்குமிழைப் பொருத்திய கைவிளக்கிற்கு டேவிட் மிசெல் என்பவர் 1899ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கான்ராட் ஹியூபெர்ட் என்பவரின் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்நிறுவனமே பின்னர் 'எவரெடி' என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. அக்கால மின்கலங்களால் நெடுநேரம் ஒளி தர இயலவில்லை. ஒரு நொடி மின்னச் செய்து உடனே அணைத்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு 'மின்னொளி' என்று பொருள்படும் பெயர் வந்ததற்கு இதுவே காரணம்.

பழைய மின்குமிழில் மின்னாற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாயிற்று. இன்றைய விளக்குகளில் இருப்பது எல்.இ.டி. என்னும் ஒளியுமிழ் டையோடு. கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு ஒளியை உமிழும் டையோடை நிக் ஹோலன்யாக் 1962இல் உருவாக்கினார். வெள்ளை ஒளிக்கு வழி வகுத்தது நீல ஒளி டையோடு. அதனைக் கண்டறிந்த ஜப்பானிய அறிவியலாளர்களான இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, அவர்களோடு ஜப்பானில் பிறந்த ஷுஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல ஒளியின்மீது மஞ்சள் ஒளிரும் பூச்சு ஒன்றைப் பூசினால், இரண்டும் கலந்து வெள்ளையாகத் தோன்றும். நம் கையிலுள்ள விளக்கின் முகப்பில் மஞ்சள் புள்ளி போல் தெரிவது அந்தப் பூச்சேயாகும்.

இக்காலத்திலும் இது தேவையா?

'இப்பொழுது எல்லா வீட்டிலும் மின்சாரம் இருக்கிறதே' என்று சிலர் எண்ணலாம். 1992 செப்டம்பர் 29ஆம் நாளிலும் 1996 ஆகஸ்ட் 3ஆம் நாளிலும் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரமின்றித் தவித்ததைப் பெரியவர்கள் அறிவர். 2021 டிசம்பர் 18ஆம் நாள் பெருமழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா, நம் கோலா லங்காட் மாவட்டத்து லாபோகான் டாகாங் முதலிய இடங்களில் வெள்ளம் புகுந்தது. வெள்ளம் சூழ்ந்த பகுதிகளில் பாதுகாப்புக் கருதி மின்சாரமும் நிறுத்தப்பட்டது.

'கைப்பேசியில் விளக்கு இருக்கிறதே' என்பது அடுத்த கேள்வி. வெள்ள நேரத்தில் கைப்பேசி, 999 என்னும் எண்ணை அழைப்பதற்கும் உறவினருக்குச் செய்தி சொல்வதற்கும் உரியது. அதன் மின்னூட்டத்தை விளக்காக எரித்துத் தீர்ப்பது அறிவுடைமை ஆகாது.

மேலும், செம்பனைக் காட்டில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் நாகமும் உண்டு. பாம்புக்கடியை உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் முதன்மைக் கவனத்திற்குரிய வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இரவில் வெளியே நடப்போர் விளக்கும் காலணியும் இன்றிச் செல்லலாகாது. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்னும் பழமொழி ஆற்றுக்கு மட்டுமன்று, இருட்டுக்கும் பொருந்தும்.

வீட்டில் எவ்வளவு ஒளி வேண்டும்?

ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் தரும் மொத்த ஒளியை 'லூமென்' என்னும் அலகால் அளப்பர். ஒரு மெழுகுவர்த்தி ஏறத்தாழ 12 லூமென் தரும். பழைய 60 வாட் மின்குமிழ் 700 லூமெனுக்குச் சற்று மேல் தரும். மகிழுந்தின் பழைய ஆலஜன் முகப்பு விளக்கு ஒன்று ஏறத்தாழ 1,000 லூமென் தரும்.

இவற்றை மனத்தில் கொண்டு நம் தேவையை எண்ணிப் பார்ப்போம். இரவில் அறையிலிருந்து குளியலறைக்குச் செல்ல 10 முதல் 30 லூமென் போதும். அதைவிட மிகுதியானால் கண் கூசும், உறங்குவோரும் விழிப்பர். மின்தடையின்போது ஓர் அறையில் சமைக்கவும் உண்ணவும் 100 லூமென் நிறைவாக இருக்கும். வெளிவாசல், வடிகால், கோழிக்கூண்டு ஆகியவற்றைப் பார்க்க 200 முதல் 300 லூமென் வேண்டும். ஆகவே, குறைந்த ஒளி, மிகுந்த ஒளி என்னும் இரு நிலைகள் உடைய, 300 லூமென் அளவுள்ள விளக்கு ஒரு குடும்பத்தின் தேவைகள் அனைத்திற்கும் போதுமானது.

ஒளி எத்தனை தொலைவு செல்லும் என்பது வேறு கணக்கு. ஒளிக்கற்றையின் செறிவைக் 'காண்டெலா' என்னும் அலகால் அளப்பர். கற்றை குறுகினால் தொலைவிலுள்ள மரம் தெரியும், காலடி தெரியாது. வீட்டிற்கு வேண்டியது பரந்த கற்றையே. பாம்பு தொலைவிலுள்ள மரத்தில் இல்லை, வாசற்படியில் இருக்கிறது.

பெட்டியின்மேல் உள்ள எண்கள்

கைவிளக்குகளை ஒரே முறையில் அளப்பதற்காக அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு 'எஃப்.எல். 1' என்னும் தர அளவு வகுக்கப்பட்டது. நல்ல நிறுவனங்கள் அதன் சிறு படக் குறிகளைப் பெட்டியில் அச்சிடுகின்றன. அவற்றுள் மூன்றை அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது, எரியும் நேரம். ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள நேரமே அது. ஆகவே '300 லூமென், 20 மணி' என்று எழுதியிருந்தால், 20 மணி நேரமும் 300 லூமென் கிடைக்கும் என்று பொருளில்லை. இறுதியில் 30 லூமெனே எஞ்சியிருக்கும்.

இரண்டாவது, தொலைவு. ஒளியின் அளவு 0.25 லக்ஸ், அதாவது முழுநிலா வெளிச்சம் அளவிற்குக் குறையும் இடமே அத்தொலைவு. அங்கு மரமா மனிதனா என்று மங்கலாகத் தெரியும். கயிறா பாம்பா என்று தெரியாது. பெட்டியிலுள்ள தொலைவில் பாதியையே பயன்படும் தொலைவாகக் கொள்க.

மூன்றாவது, நீர் தாங்கும் தன்மை. 'ஐ.பி.எக்ஸ். 4' என்றால் எப்பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். மழைக்கு இது போதும். 'ஐ.பி.எக்ஸ். 7' என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். வெள்ளம் வரும் தாழ்வான பகுதியில் வாழ்வோர் இதனைத் தேர்ந்தெடுத்தல் நலம்.

பொய் எண்ணைக் கண்டறியும் கணக்கு

மாணவர்களே! இனி அப்பெற்றோர் கேட்ட கேள்விக்கு வருவோம். பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் இக்கணக்கைச் செய்யலாம்.

மின்கலத்தில் சேர்ந்துள்ள ஆற்றலை அறிய, அதன் வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்க வேண்டும். விடை 'வாட் மணி' ஆகும். விரல் அளவுள்ள 'டபுள் ஏ' மறுமின்னூட்டக் கலம் 1.2 வோல்ட், 2 ஆம்பியர் மணி உடையது எனில்,

1.2 × 2 = 2.4 வாட் மணி.

ஒரு வாட் ஆற்றலில் இக்கால எல்.இ.டி. விளக்கு தோராயமாக 100 லூமென் தரும் என்று கொள்வோம். ஆகவே அந்தக் கலத்திலிருந்து கிடைப்பது,

2.4 × 100 = 240 லூமென் மணி.

அதாவது, 240 லூமென் ஒளி ஒரு மணி நேரம் கிடைக்கும். அல்லது 24 லூமென் ஒளி 10 மணி நேரம் கிடைக்கும். இரண்டும் ஒரே கலத்தில் ஒருசேரக் கிடைக்கமாட்டா. குடத்தில் உள்ள நீர் ஒன்றே. வாயை அகலத் திறந்தால் விரைவில் தீரும்.

இன்று பல விளக்குகளில் '18650' என்னும் லித்தியம் கலம் இருக்கிறது. 18 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம். 65 என்பது அதன் நீளம். அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.6 வோல்ட். 3 ஆம்பியர் மணி உடைய கலமாயின், 3.6 × 3 = 10.8 வாட் மணி. அதாவது ஏறத்தாழ 1,080 லூமென் மணி.

இப்பொழுது 1,00,000 லூமெனை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் அவ்வொளி தர 1,000 வாட் மணி ஆற்றல் வேண்டும். அதற்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட லித்தியம் கலங்கள் தேவை. அப்பெற்றோரின் விளக்கில் இருந்ததோ ஒரே கலம். எனவே அந்த எண் பொய் என்பது, விளக்கை ஏற்றிப் பார்க்காமலேயே தாளில் தெரிந்துவிடுகிறது. அக்கலத்தின் உறையில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்றும் அச்சிட்டிருந்தது. அந்த அளவுடைய கலத்தில் நல்லவையே 3,500 மில்லி ஆம்பியர் மணி அளவில்தான் கொள்ளும். மின்னுவதெல்லாம் பொன்னல்ல.

எந்த மின்கலம் நல்லது?

கடையில் மலிவாகக் கிடைக்கும் கார்பன் துத்தநாகக் கலம், மிகுந்த ஒளி தரும் விளக்கிற்கு ஈடுகொடாது. அல்கலைன் கலம் நெடுநேரம் உழைக்கும்; ஆனால் தீர்ந்த கலத்தை உள்ளேயே விட்டுவைத்தால் கசியும். நிக்கல் வகை மறுமின்னூட்டக் கலத்தைப் பல நூறு முறை மின்னூட்டலாம். லித்தியம் கலம் ஆற்றல் மிக்கது. கவனமும் மிகுதியாக வேண்டும்.

லித்தியம் கலத்தை மட்டும் தனியாக வாங்குவதைவிட, கலம் உள்ளேயே அமைந்து, கைப்பேசிக் கம்பியால் மின்னூட்டும் வகை விளக்கு வீட்டிற்குப் பாதுகாப்பானது. உறை கிழிந்த கலத்தைப் பயன்படுத்தலாகாது. தனிக் கலத்தைச் சட்டைப்பையில் சாவியோடும் நாணயத்தோடும் போடலாகாது. இருமுனையும் உலோகத்தால் இணைந்தால் தீப்பற்றும். தலையணை அருகிலும் மெத்தையின்மீதும் வைத்து மின்னூட்டுவது பேராபத்து. சுவரில் செருகும் மின்னூட்டியை வாங்கும்பொழுது சிரிம் முத்திரை உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

ஆயினும், ஒரு குறிப்பு. நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதபொழுது மின்னூட்டும் விளக்கும் அணைந்துபோகும். ஆகவே மின்னூட்டும் விளக்கு ஒன்றும், எந்தக் கடையிலும் கிடைக்கும் 'டபுள் ஏ' கலத்தால் எரியும் சிறு விளக்கு ஒன்றும் வீட்டில் இருப்பது சிறப்பு.

விலையும் செலவும்

வாங்கும் விலை வேறு. ஆகும் செலவு வேறு. எடுத்துக்காட்டாக, 12 ரிங்கிட் விலையுள்ள விளக்கு ஒன்று ஆறு மாதமே உழைக்கிறது என்றும், மாதந்தோறும் அதற்கு 3 ரிங்கிட்டுக்குக் கலம் வாங்குகிறோம் என்றும் கொள்வோம். மூன்றாண்டில் ஆறு விளக்குகளுக்கு 72 ரிங்கிட். கலங்களுக்கு 108 ரிங்கிட். ஆக மொத்தம் 180 ரிங்கிட். மற்றொரு விளக்கின் விலை 60 ரிங்கிட் என்றும், மறுமின்னூட்டக் கலங்களுக்கும் மின்னூட்டிக்கும் சேர்த்து 60 ரிங்கிட் என்றும், அது மூன்றாண்டு உழைக்கிறது என்றும் கொள்வோம். மொத்தம் 120 ரிங்கிட். இரண்டு சிறு கலங்களை ஒருமுறை மின்னூட்டுவதற்கு ஆகும் மின்கட்டணம் ஒரு சென்னுக்கும் குறைவே. 'மலிவு' என்று வாங்கியதே விலை மிகுந்தது என்பதை இக்கணக்குக் காட்டுகிறது.

இது அன்றாடம் விளக்கைப் பயன்படுத்துவோர்க்குரிய கணக்கு. மாதம் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குடும்பத்திற்கு, இரண்டு அல்கலைன் கலத்தில் எரியும் எளிய விளக்கே சிக்கனமானது. தேவையை அளந்தபின்பே விலையை அளக்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

1. விளக்கை ஏற்றி வெள்ளைச் சுவரில் பாய்ச்சுக. நடுவில் ஒளிப்பொட்டும் அதனைச் சுற்றி மென்மையான பரந்த ஒளியும் இருத்தல் வேண்டும்.

2. உள்ளங்கையில் ஒளியைப் பாய்ச்சுக. தோல் நீலம் பாய்ந்து வெளிறித் தெரிந்தால் நிறங்கள் பிரிந்து தெரியா. காய்ந்த மட்டையையும் பழுப்பு நிறப் பாம்பையும் பிரித்தறிய நிறம் ஒழுங்காகத் தெரிய வேண்டும்.

3. மெல்லக் குலுக்கிப் பார்க்க. ஒளி துடித்தால் உள்ளே இணைப்புச் சரியில்லை.

4. மூடியைத் திறந்து மூடுக. மரை வழுக்காமல் சுற்ற வேண்டும். நீர் புகாமல் தடுக்கும் இரப்பர் வளையம் இருக்க வேண்டும்.

5. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் எரிய வேண்டும். மறுமுறை அழுத்தினால் அணைய வேண்டும். மினுக்கும் நிலைகள் பலவற்றைக் கடந்தே அணைக்க முடியும் என்றால், பதற்றத்தில் முதியோர் அதனைக் கையாள இயலாது. வீட்டிலுள்ள பாட்டி ஒரு கையால் ஏற்ற முடிகிறதா என்பதே இறுதிச் சோதனை.

6. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குக. பெட்டியில் பொய் எழுதி விற்கப்படும் பொருளுக்கு எதிராக முறையிட 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. அதற்குச் சான்று பற்றுச்சீட்டேயாகும்.

வீட்டில் பேணும் முறை

விளக்கைக் கதவருகே ஆணியில் மாட்டி வைக்க வேண்டும். வீட்டார் அனைவரும் இருட்டில் தடவி எடுக்கும்படி ஒரே இடத்தில் அது இருத்தல் வேண்டும். மாதத்தின் முதல் நாளில் ஒருமுறை ஏற்றிப் பார்க்க வேண்டும். புதிய கலத்தையும் பழைய கலத்தையும் கலந்து போடலாகாது. நெடுநாள் பயன்படுத்தாத விளக்கிலிருந்து கலங்களைக் கழற்றி, விளக்கோடு சேர்த்துக் கட்டி வைக்கலாம். மின்தடையின்போது விளக்கை நிமிர்த்தி வைத்தால், வெள்ளைக் கூரைத்தட்டில் பட்ட ஒளி அறை முழுதும் பரவும். கூரைத்தட்டு இல்லாத வீட்டில் வெள்ளைச் சுவரை நோக்கி வைக்கலாம். பிறர் கண்ணில் ஒளியைப் பாய்ச்சி விளையாடுதல் கூடாது.

முடிவுரை

நல்ல விளக்கு என்பது மிகப் பெரிய எண்ணை உடையதன்று. மிக உயர்ந்த விலையை உடையதுமன்று. வேண்டிய பொழுதில், வேண்டிய அளவில், வேண்டிய நேரம் வரை எரிவதே நல்ல விளக்கு. அதனைத் தேர்ந்தெடுக்கச் சிறிது கணக்கறிவு வேண்டும். காப்பாற்றச் சிறிது பொறுப்பு வேண்டும். கணக்கறிவைப் பள்ளியில் கற்கிறோம். பொறுப்பை நான் என் தாயாரின் கையைக் கண்டு கற்றேன். நீங்கள் அவ்வாறு கற்க வேண்டா. இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் வீட்டு டார்ச் விளக்கை எடுத்து ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

பயிற்சி

அ) 1.2 வோல்ட், 2 ஆம்பியர் மணி உடைய இரண்டு கலங்கள் உள்ள விளக்கு, 60 லூமென் ஒளியை ஏறத்தாழ எத்தனை மணி நேரம் தரும்? (விடை: 8 மணி)

ஆ) ஒளிக்கற்றையின் காண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால், பெட்டியில் காட்டும் தொலைவு மீட்டரில் கிடைக்கும். 900 காண்டெலா உடைய விளக்கின் தொலைவு யாது? (விடை: 60 மீட்டர்)

இ) செய்து பார்க்க: மாலை ஏழு மணிக்கு வீட்டு விளக்கை ஏற்றி, ஒரு மீட்டர் தொலைவில் பாடநூலைப் பிடித்து, அரைமணிக்கு ஒருமுறை ஒரு பத்தியை வாசித்துப் பார்க்க. எந்நேரத்தில் எழுத்துத் தெரியாமற் போகிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிப் பெட்டியிலுள்ள நேரத்தோடு ஒப்பிடுக.

— தலைமையாசிரியர்